கோடை வெயிலும் காட்டுத்தீப் புகையும்: ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவார ஊர்களில் ஒரு காட்சி அடிக்கடி தென்படும். விடிகாலையில் எழுந்து பார்த்தால் எதிரே இருக்கும் மலை தெரியாது. வெள்ளைத் திரை போட்ட மாதிரி இருக்கும். "பனி இன்னும் போகல போல" என்று சொல்லிக்கொண்டே வாசல் தெளிப்பவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசம் மூக்கில் ஏறும். வாசலில் சாம்பல் துணுக்குகள் கிடக்கும். அப்போதுதான் தெரியும், அது பனி அல்ல, புகை என்று.

போடிநாயக்கனூர் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த சுவர் இராத்திரியிலும் சூட்டைக் கக்குகிறது. மாமியார் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறார். மருமகள் உடனே, "அத்தே, சாத்துங்க. பொகை உள்ள வருது. புள்ளைக்கு இளைப்பு வந்துரும்" என்கிறார். "சாத்துனா வெந்துல்ல போவோம் தாயி" என்கிறார் மாமியார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். வெயிலுக்கான அறிவுரை, "பகலில் ஜன்னலை மூடு, இரவில் திற" என்கிறது. புகைக்கான அறிவுரை, "ஜன்னலை மூடியே வை" என்கிறது. இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் கோடைக்கால முன்னறிவிப்பை மட்டும் படித்தால் போதாது. புகை எந்த நேரத்தில் எங்கே போகும் என்பதும் தெரிய வேண்டும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோடை முன்னறிவிப்பு என்ன சொல்கிறது?

இந்திய வானிலை ஆய்வுத் துறை பிப்ரவரி இறுதியில் மார்ச் முதல் மே வரையிலான கோடைக்காலத்துக்கும், மார்ச் இறுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்துக்கும் பருவகால முன்னறிவிப்பை வெளியிடுகிறது. "இந்த ஆண்டு வெயில் இயல்பை விட அதிகமாக இருக்கும்" என்று செய்திகளில் வருவது இதிலிருந்துதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஒரு வாய்ப்புக் கணக்கு. ஒரு பகுதிக்கு இயல்பை விட அதிக வெப்பத்துக்கு 60 சதவீத வாய்ப்பு என்றால், பத்தில் ஆறு பங்கு அப்படி நடக்கலாம், நான்கு பங்கு நடக்காமலும் போகலாம் என்று பொருள். எந்தத் தேதியில் எத்தனை டிகிரி என்று அது சொல்லாது. கூரையைச் சரி செய்வது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வைப்பது, மருந்து வாங்கி வைப்பது போன்ற முன்னேற்பாடுகளுக்கு அது உதவும்.

அன்றாட முடிவுகளுக்கு வேறு அறிவிப்புகள் இருக்கின்றன. வியாழக்கிழமைதோறும் அடுத்து வரும் வாரங்களுக்கான நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பு வருகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் மாவட்ட வாரியான எச்சரிக்கைகளைத் தமிழிலேயே வெளியிடுகிறது. அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையும் உண்டு. இவற்றை 'மௌசம்' செயலியிலும், தமிழ்நாடு அரசின் 'டி.என். அலர்ட்' செயலியிலும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சச்சேத்' செயலியிலும் பார்க்கலாம்.

'வெப்ப அலை' என்ற சொல்லுக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸையாவது எட்டியிருக்க வேண்டும். கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30. அதோடு அந்த இடத்தின் இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இயல்பைக் கணக்கில் எடுக்காமலே 45 டிகிரியைத் தொட்டாலும் வெப்ப அலைதான். இந்த நிலை ஒரு வானிலை உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், அடுத்தடுத்து இரண்டு நாட்களாவது நீடித்தால்தான் வெப்ப அலை என அறிவிக்கப்படும்.

இதனால் ஒரு விஷயம் புரிகிறது. உங்கள் ஊரில் 41 டிகிரி அடித்தும், டி.வி.யில் 'வெப்ப அலை' என்ற வார்த்தை வராமல் போகலாம். அந்த வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மலை ஊர்களும் இதற்கு விலக்கல்ல. 2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்திலேயே 29 டிகிரி பதிவானது. மின்விசிறியே தேவைப்படாமல் கட்டப்பட்ட வீடுகளுக்கு அது பெரிய வெயில்.

இன்னொன்று, அக்னி நட்சத்திரம். மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே மாத இறுதி வரை நீளும் கத்திரி வெயில் பஞ்சாங்கக் கணக்கு. வானிலைத் துறையின் அளவுகோலில் அதற்கு இடமில்லை. "கத்திரி இன்னும் வரலையே" என்று ஏப்ரலில் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. வேலூர், கரூர், ஈரோடு, சேலம், திருச்சி, மதுரை போன்ற உள்மாவட்டங்களில் ஏப்ரலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கடலோரத்தில் டிகிரி குறைவாக இருந்தாலும் காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலர விடாது. புழுக்கம் கூடும். கடல்காற்று தாமதமாகும் நாட்களில் சென்னையும் கொதிக்கும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது.

காடு ஏன் இந்த மாதங்களில் எரிகிறது?

தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 44 சென்டிமீட்டர் பெய்கிறது. அந்த ஈரத்தில் மலைச்சரிவுகளில் புல் ஆளுயரத்துக்கு வளரும். ஜனவரிக்குப் பிறகு மழை நின்றுவிடும். இலையுதிர் காடுகள் சருகைக் கொட்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தப் புல்லும் சருகும் உண்ணிச்செடிப் புதரும் காய்ந்து, தீக்குச்சிக்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிடும். கோடை மழை வந்து நனைக்கும் வரை இதே கதைதான். ஆகவே மழை நன்றாகப் பெய்த ஆண்டு என்பதற்காகக் காட்டுத்தீ பயம் இல்லை என்று நினைக்க முடியாது. நல்ல மழைக்குப் பின் நீண்ட வறட்சி வந்தால் எரிவதற்குப் புல் நிறையவே இருக்கும்.

நம் காடுகளில் தானாகத் தீப்பிடிப்பது அரிது. அணைக்காமல் எறிந்த பீடி, சுற்றுலாவுக்குப் போனவர்கள் மூட்டிய அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த தீ, தோட்டத்துச் சருகைக் கொளுத்தும்போது காற்றில் பறந்த பொறி என்று பெரும்பாலும் மனிதர் கையால்தான் தொடங்குகிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில் மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் நிறைந்த செங்குத்தான சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத் தமிழகம் அன்று பார்த்தது. 2023 ஏப்ரலில் கோவை மாவட்டம் ஆலாந்துறைப் பக்க மலையில் எரிந்த தீயையும், 2024 மார்ச்சில் குன்னூர் அருகே எரிந்த தீயையும் அணைக்க இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. 2024 ஏப்ரல் இறுதியில் கொடைக்கானல் மேல்மலைப் பகுதி பல நாட்கள் எரிந்தது.

தீ காட்டுக்குள் எரிந்தாலும் புகை அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது ஊருக்குள் எப்போது வருகிறது என்பதில்தான் நம் ஜன்னல் கேள்விக்கான விடை இருக்கிறது.

புகைக்கும் நேரக் கணக்கு உண்டு

பகலில் வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிறது. சூடான காற்று சரிவை ஒட்டி மேலே ஏறுகிறது. புகையும் அதோடு சேர்ந்து மேலே போய்க் கலைந்துவிடும். மதியம் பார்த்தால் தூரத்தில் புகைத்தூண் தெரியும், ஆனால் ஊருக்குள் பெரிதாக வாசம் இருக்காது. அதே நேரம், காற்றும் வறட்சியும் சேர்வதால் தீ அதிகம் சீறுவதும் மதியத்தில்தான்.

சூரியன் மறைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் வழிவது போல மலைச்சரிவில் இறங்கி வருகிறது. இரவில் கங்காகக் கனன்று கொண்டிருக்கும் கட்டைகள் வெளிவிடும் புகை அந்தக் காற்றோடு சேர்ந்து பள்ளத்துக்கு வந்துவிடும். அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி போல நிற்கும். இதை 'வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம்' என்பார்கள். பானைக்கு மூடி போட்ட மாதிரி, புகை உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே வருசநாடு, மேகமலைத் தொடர். நடுவில் ஊர்களும் வயல்களும். இப்படிப்பட்ட இடத்தில் காற்று வீசாத இரவுகளில் இறங்கிய புகைக்கு வெளியேற வழி குறைவு. விடியற்காலையில்தான் மிக அடர்த்தியாக நிற்கும். காலை 9, 10 மணிவாக்கில் வெயில் தரையைச் சூடாக்கியதும் மூடி உடைந்து புகை மேலே ஏறத் தொடங்கும். பழனி மலையடிவாரத்துப் பெரியகுளம் பக்கத்து ஊர்களுக்கும், கோவையின் மேற்குப் பகுதிக்கும், நீலகிரியின் பள்ளத்தாக்குக் குடியிருப்புகளுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

இங்கேதான் சிக்கல். வெயிலிலிருந்து தப்பிக்க நாம் வெளியே வரும் நேரம் எது? இரவும் விடியற்காலையும். மொட்டை மாடியில் படுப்பது, ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி, விடிவதற்குள் வயல் வேலை எல்லாமே அந்த நேரம்தான். புகை கீழே இறங்கி நிற்கும் நேரமும் அதுவே.

பனியா, புகையா?

கருவி இல்லாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பனி ஈரமாக இருக்கும், புல்லிலும் வண்டி சீட்டிலும் நீர்த்துளி நிற்கும், வாசம் இருக்காது. புகை உலர்ந்தது, கருகல் வாசம் வரும், கண் எரியும், உதிக்கும் சூரியன் செம்மையாக, ஒளி மங்கித் தெரியும்.

உங்கள் வீட்டிலிருந்து வழக்கமாகத் தெரியும் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கோயில், செல்போன் கோபுரம், தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் சரி. கோடைக் காலையில் அது மங்கலாகத் தெரிந்தாலோ, தெரியாமலே போனாலோ அன்றைக்கு வெளி வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

எண்களும் நிறங்களும்

காட்டுத்தீப் புகையில் அதிகம் கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியும் சாம்பல் அல்ல. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்தான். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான அளவு என்றால், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய், இரத்தத்திலும் கலக்கக் கூடியது. ஒரு கன மீட்டர் காற்றில் இது 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் தர அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை 15 என இன்னும் கடுமையாக வைத்தது.

இதையும் வேறு சில மாசுகளையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருவதுதான் காற்றுத் தரக் குறியீடு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பார்க்கலாம். 50 வரை நல்லது, 100 வரை திருப்தி, 200 வரை மிதமான மாசு, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை.

இதைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது, அந்த எண் 24 மணி நேரச் சராசரி. இன்று விடிகாலை திடீரென இறங்கிய புகை அதில் முழுசாகத் தெரிய நேரமாகும். எண் பச்சையில் இருக்கிறது, ஆனால் வாசலில் புகை நிற்கிறது என்றால் உங்கள் கண்ணையும் மூக்கையும் நம்புங்கள்.

இரண்டாவது, அளவிடும் நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. செயலி காட்டுவது உங்கள் ஊர்க் காற்றாக இல்லாமல், எங்கோ தள்ளியிருக்கும் ஊரின் காற்றாக இருக்கலாம். எந்த நிலையத்தின் எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நிறக் குழப்பம். வானிலை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் "கவனமாக இருங்கள்", ஆரஞ்சு என்றால் "தயாராக இருங்கள்", சிவப்பு என்றால் "உடனே நடவடிக்கை எடுங்கள்". காற்றுத் தரக் குறியீட்டில் மஞ்சள் என்பது மிதமான மாசு, ஆரஞ்சு என்பது மோசம், சிவப்பு என்பது மிக மோசம். இரண்டும் வெவ்வேறு அளவுகள். வானிலை வரைபடம் பச்சையாக இருக்கிறது என்பதால் காற்றும் சுத்தம் என்று பொருளில்லை.

சரி, ஜன்னலை என்ன செய்வது?

நாளுக்கு ஒரு முடிவு என்று இல்லாமல், நேரத்துக்கு ஒரு முடிவு என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வெயில் மட்டும், புகை இல்லை: பழைய வழக்கமே போதும். வெளியே சூடு ஏறும் முன் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிடுங்கள். வெளியே குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

புகை மட்டும், வெயில் தாங்கும் அளவு: புகை நிற்கும் வரை சாத்தியே இருக்கட்டும். வெளியே தெளிந்ததும் நன்றாகத் திறந்து, உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். "சாத்திட்டோமே, உள்ள சுத்தமாத்தான் இருக்கும்" என்று நினைக்க வேண்டாம். இடுக்குகள் வழியாகப் புகை மெல்ல உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும்.

வெயிலும் புகையும் சேர்ந்து: மலையடிவாரத்தில் பெரும்பாலும் பிற்பகலின் கடைசியிலிருந்து இருட்டும் நேரம் வரை ஓர் இடைவெளி கிடைக்கும். வெயில் தணிந்திருக்கும், புகை இன்னும் இறங்கியிருக்காது. வாசம் இல்லை, அடையாளம் தெளிவாகத் தெரிகிறது என்றால் அந்த நேரத்தில் எல்லா ஜன்னலையும் திறந்து வீட்டைக் குளிரவிடுங்கள். வாசம் வர ஆரம்பித்ததும் சாத்துங்கள். விடியற்காலையில் திறக்க வேண்டாம். மறுநாள் காலை புகை மேலே ஏறிய பின், வெயில் உறைக்கும் முன், இன்னொரு சிறு இடைவெளி கிடைக்கலாம்.

சாத்திய வீட்டில் வெக்கை தாங்கவில்லை என்றால்: வெயிலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அடைத்த வீட்டின் சூடு, குறிப்பாக வயதானவர்களை, சில மணி நேரத்திலேயே சாய்த்துவிடும். புகை வரும் திசைக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறங்கள். முடிந்தால் குழந்தைகளையும் பெரியவர்களையும் புகை குறைவான இடத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு அன்றிரவு அனுப்பிவிடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலர் மூலமோ 1077 எண் மூலமோ பொதுக் கட்டடம் ஏதாவது தங்கக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வீட்டுக்குள் இன்னும் சில:

• ஓர் அறையை 'சுத்த அறை'யாக வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் குறைவான அறை நல்லது. கதவு இடுக்கில் துணியைச் செருகி, குழந்தையும் முதியவரும் அங்கே படுக்கட்டும்.

• ஏர் கூலர் வெளிக்காற்றை இழுத்துத்தான் குளிர்விக்கிறது. புகை நேரத்தில் அது புகையையும் சேர்த்து இழுக்கும். ஏ.சி. இருந்தால் வெளிக்காற்று வழியை மூடிவிட்டு, வடிகட்டியைக் கழுவிப் போடுங்கள்.

• ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிட்டால் சாம்பலைத் தடுக்கும், நுண்துகளை நிறுத்தாது. முகத்தில் கட்டும் கைக்குட்டையும் அப்படித்தான். நன்றாகப் பொருந்தும் என்-95 முகக்கவசமே நுண்துகளை வடிகட்டும். சின்னக் குழந்தைகளுக்கு அது பொருந்தாது. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அணியலாம்.

• அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறிக் காற்று மட்டும் உடம்பைக் குளிர்விக்காது. ஈரத்துண்டால் கழுத்து, கை, கால்களைத் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்காருங்கள்.

• அந்த நாட்களில் வீட்டுக்குள் நாமே புகை சேர்க்க வேண்டாம். விறகடுப்பு, கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாவற்றுக்கும் லீவு விடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

• நடைப்பயிற்சி, வயல் வேலை, குழந்தைகளின் விளையாட்டு ஆகியவற்றைப் புகை நாட்களில் விடியற்காலையிலிருந்து மாலை நேரத்துக்கு மாற்றுங்கள்.

யாரை அதிகம் கவனிக்க வேண்டும்?

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், தனியாக வசிக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். வெயிலில் உடம்பு நீர் இழக்கும்போது இதயம் கூடுதலாக உழைக்கிறது. அதே நேரம் புகை நுரையீரலையும் இரத்தக் குழாய்களையும் சிரமப்படுத்துகிறது. ஒன்று தனியாக வந்தால் தாங்கும் உடம்பு, இரண்டும் சேர்ந்தால் தாங்காமல் போகலாம்.

இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் பிப்ரவரியிலேயே இருப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுபவர்கள், வரும் சுகாதாரப் பணியாளரிடம் கோடைக்கான ஆலோசனையையும் கேட்டுவிடுங்கள். "வெயில் நேரம், நீர் மாத்திரைய நிறுத்திரலாமா?" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும்.

கீழ்க்கண்ட அறிகுறிகள் தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்: பேச்சு குழறுவது, ஆள் தெளிவில்லாமல் இருப்பது, உடம்பு அனலாகக் கொதிப்பது, வலிப்பு, மயக்கம், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குவது, நெஞ்சை அழுத்துவது, உதடு நீலமாவது. வெயிலால் விழுந்தவரை வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிடுங்கள். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்புக்கு வெப்ப அலைதான் காரணம் என உறுதி செய்யப்பட வேண்டும் என்பதால், மருத்துவமனை ஆவணங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகுங்கள்.

தீயைக் கண்டால், தீ வைக்காதிருக்க

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள் தகவலைக் கொண்டு காட்டுத்தீ எச்சரிக்கைகளைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. அதன் இணையதளத்தில் கைபேசி எண்ணைப் பதிவு செய்து பொதுமக்களும் பெறலாம். ஆனால் செயற்கைக்கோள் நம் ஊருக்கு மேல் எப்போதும் நிற்பதில்லை. அடர்ந்த மரநிழலில் தொடங்கும் சின்னத் தீ அதன் கண்ணில் படாமல் போகலாம். ஆடு மேய்க்கப் போனவர் பார்த்துச் சொல்லும் ஒரு போன் அதைவிட முந்திக்கொள்ளும். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இன்றே வாங்கிச் சுவரில் எழுதி வையுங்கள்.

காட்டுக்குள் தீயிடம் சிக்கினால் சரிவில் மேல்நோக்கி ஓட வேண்டாம். தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். உயர்ந்த புல்லுக்குள் புக வேண்டாம். பாறைப் பரப்பு, ஓடைப் பள்ளம், ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரை ஆகியவையே பாதுகாப்பு. தீ அபாயக் காலத்தில் மலையேற்றப் பாதைகள் மூடப்பட்டால் அதற்குக் காரணம் இருக்கிறது. கெஞ்சியோ குறுக்குவழியிலோ உள்ளே போக வேண்டாம்.

காட்டை ஒட்டிய தோட்டக்காரர்கள் கரும்புச் சோகையையும் வரப்புச் சருகையும் கொளுத்தாமல் மூடாக்காகப் போடலாம். மண் ஈரமும் காக்கும். சரணாலயத்தில் தீ வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டில் தீ வைப்பதும் தண்டனைக்குரியது.

மலைப்பக்கம் இல்லாத ஊர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கிலும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கிலும் பற்றிய தீயின் புகை சுற்றுவட்டார வீடுகளுக்குள் புகுந்தது. தெருவோரக் குப்பைக்கு வைக்கும் தீயும் அதே நுண்துகளைத்தான் தருகிறது. பிளாஸ்டிக் சேர்ந்தால் கெடுதல் இன்னும் அதிகம்.

குறித்து வைக்க வேண்டிய எண்கள்

• அவசர உதவி: 112
• ஆம்புலன்ஸ்: 108
• தீயணைப்பு: 101
• மருத்துவ ஆலோசனை: 104
• மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070
• மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077
• மின்கம்பி அறுந்தால், மின்தடைக்கு: மின்னகம் 94987 94987
• சென்னை மாநகராட்சி: 1913

இனி அந்த போடி வீட்டுக்கே திரும்புவோம். மாமியாரும் மருமகளும் சண்டை போட வேண்டியதில்லை. சாயங்காலம் வாசலில் நின்று மலையைப் பார்க்க வேண்டும். மலை தெளிவாகத் தெரிகிறதா, வாசம் இல்லையா? "தெறந்து வைங்க அத்தே, வீடு ஆறட்டும்." இருட்டியபின் கருகல் வாசம் வருகிறதா? "இப்பச் சாத்திருவோம்." அதற்கும் மேல் வெக்கை தாங்கவில்லை என்றால் பிள்ளையையும் பெரியவரையும் வேறிடம் அனுப்ப ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரி கடைசியில் கோடை முன்னறிவிப்பு வந்ததும் அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். மலை எரியத் தொடங்கிய பின் அதற்கு நேரம் இருக்காது.